பின்னி ஆலையின் மூன்று பிறவிகள்

தமிழ் சினிமா பார்க்கும் வழக்கமுள்ள நேயர்கள் ஒரு கட்டடத்தை அவசியம் பார்த்திருப்பார்கள். உயர்ந்த செங்கற் சுவர்கள், வரிசை வரிசையாக இரும்புத் தூண்கள், உடைந்த கூரையின் வழியே சாய்வாக இறங்கும் வெளிச்சம், தரையெல்லாம் புழுதி. கதாநாயகர் தனியொருவராக நின்று முப்பது முரடர்களைப் பந்தாடுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேறு கிடையாது. இதெல்லாம் படத்துக்கென்று போட்ட ஜோடனை என்று எண்ணியவர்கள் உண்டு. ஜோடனை அல்ல. சென்னைப் பெரம்பூரில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கிய பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் எலும்புக்கூடுதான் அது. ஜனங்கள் வாயில் அது 'பின்னி மில்' அல்லது 'பி அண்டு சி மில்'.

நாம் வகுப்பில் இந்த ஆலையை ஒரே வாக்கியத்தில் கடந்து விடுகிறோம். '1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே.' பிள்ளைகளுக்கு அது ஒரு மார்க்குக் கேள்வி. அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் எத்தனை பேருடைய பசியும் ரத்தமும் கிடக்கின்றன என்று சொல்ல வகுப்பிலே நேரம் இருப்பதில்லை. வாரப் பத்திரிகையில் இருக்கிறது.

சென்னைப் பட்டணம் உண்டானதே துணியினால்தான். 1639-ல் பிரான்ஸிஸ் டே இந்த மணற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு, இங்கே நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்பதே முக்கியமான காரணம். நூறு வருஷம் கழித்து, நெசவாளரைக் குடியேற்றுவதற்கென்றே கம்பெனியார் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே பெயர். பின்னர் லங்காஷயர் ஆலைத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கம்பெனிக்குத் துணி கொடுத்த நாடு துணி வாங்கும் நாடாயிற்று. ராட்டினம் சுற்றிய பாட்டிமார் கை சும்மா இருந்தது. இந்தக் கதையை நம் தேசத்தார் அறிவார்கள்.

1876-ம் வருஷத்தில் பின்னி கம்பெனியார் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலையை நிறுவினார்கள். அப்போது சென்னைக் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதே பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கும் வாய்த்தது. அந்த வருஷமே சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. கிராமங்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்து கொண்டிருந்தபோது இங்கே புகைபோக்கி எழும்பியது. 1881-ல் பக்கத்திலேயே கர்நாடிக் ஆலை தோன்றியது. கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் துரையின் ஆலையும், தூத்துக்குடியில் கோரல் ஆலையும் 1888-ல்தான் வந்தன. மதுரை ஹார்வி ஆலை 1892-ல். ஆக, தமிழ்நாட்டு ஆலைகளுக்குள் பெரம்பூர் மூத்த தலைமுறையைச் சேர்ந்தது. 1920-ல் இரண்டு ஆலைகளும் ஒரே கம்பெனியாக இணைந்தன. பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் வேண்டிய காக்கித் துணி இங்கிருந்து ஏராளமாகப் போயிற்று. இந்தத் தொழிலாளரை அடித்த போலீஸ்காரரின் காற்சட்டையும் அவர்களே நூற்று நெய்ததாக இருக்கலாம்.

ஆலைக்குள் நடந்த வேலையை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. கொஞ்சம் சொல்ல வேண்டும். இறுக்கிக் கட்டிய பேல்களாகப் பஞ்சு வந்து இறங்கும். புளோரூம் என்ற இடத்தில் அதை உதறிப் பிரித்துத் தூசி தட்டுவார்கள். கார்டிங் இயந்திரம் தலை சீவுவதுபோல் அதைச் சீவித் தடித்த திரியாக்கும். அந்தத் திரிகளைச் சேர்த்து இழுத்து, மெலிதாக்கி, லேசாக முறுக்கி, கடைசியில் ஸ்பின்னிங் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே சமயத்தில் சுழலும். அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டுவது ஒருவர் வேலை. நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டுவது மற்றொருவர் வேலை. அதற்குச் சின்னப் பையன்களை வைத்த காலம் உண்டு. இழை அறாமல் இருக்கக் காற்று ஈரமாகவும் சூடாகவும் இருக்க வேண்டும். மனிதனுக்கு எது ஆகாதோ அது நூலுக்கு நல்லது! பஞ்சுத் தூசி தலைமுடியிலும் இமையிலும் படியும், நெஞ்சுக்குள்ளும் போகும். இயந்திரத்தின் இரைச்சலில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேளாது.

விடிந்தும் விடியாததுமாகச் சங்கு ஊதும். அதற்குள் வாசலில் நிற்க வேண்டும். பிறகு பொழுது சாயும் வரை வேலை. நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி. ஆயிரக்கணக்கான பேர் கூடத்தைவிட்டு வெளியேறி, கை கால் கழுவி, தூக்குச் சட்டியைத் திறந்து, சாப்பிட்டு, திரும்பி ஓடுவதற்கு அரை மணி. அதை நாற்பது நிமிஷமாக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று. பத்து நிமிஷம்! இந்தியத் தொழிற்சங்கத்தின் வரலாறு ராஜ்யத்தைக் கேட்டுத் தொடங்கவில்லை. சோற்றை மென்று தின்னப் பத்து நிமிஷம் கேட்டுத் தொடங்கியது. மேலதிகாரிகளின் வசையும் சில சமயம் அடியும் இதற்கு மேல்.

கம்பெனியார் முழுக்க முழுக்க கொடியவர்கள் என்று நாம் எழுத மாட்டோம். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், வீடுகள் கட்டினார்கள், அவற்றைப் பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். ஆனால் தாமாகக் கொடுப்பது தர்மம், தொழிலாளி கேட்டு வாங்குவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர்கள் எண்ணம்.

இனி, சங்கம் பிறந்த விதம். பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்த சபை இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்தி வந்தார்கள். பகவத் விஷயம் கேட்க ஆலைத் தொழிலாளரும் வருவார்கள். வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தையும் சொல்வார்கள். ஆழ்வார் பாசுரத்துக்கும் அரை மணிச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவ்விருவரும் ஒதுங்கி இருந்திருக்கலாம். அவர்கள் ஒதுங்கவில்லை. 1918 மார்ச்சில் அந்தச் சபையில் பேசுவதற்குத் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரை அழைத்தார்கள். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த திரு. வி. க. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் உத்தியோகத்தை உதறிவிட்டு 'தேசபக்தன்' ஆசிரியராகியிருந்தார். மாதச் சம்பளத்தை விட்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆசிரியர் வர்க்கத்தினராகிய நமக்குத் தெரியும். தொழிலாளருக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பதை அவர் அங்கே எடுத்துச் சொன்னார்.

அன்னி பெசண்டு அம்மையாரின் சகாவான பி. பி. வாடியா அடுத்து வந்தார். அவர் பம்பாய்ப் பார்ஸி; 1917-ல் அம்மையாரோடு உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். தமிழ் அறியாதவர். அவர் இங்கிலீஷில் பேசுவார்; திரு. வி. க. தமிழில் சொல்வார், ஆலையிலிருந்து பஞ்சுத் தலையுடன் நேரே வந்த ஜனங்கள் கேட்பார்கள். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. வாடியா தலைவர், திரு. வி. க. உபதலைவர்களுள் ஒருவர், செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் காரியதரிசிகள்.

மோதல் வர அதிக நாள் ஆகவில்லை. ஆலை வாசலை அடைப்பதும், வேலை நிறுத்தமும் மாறி மாறி நடந்தன. 1920 டிசம்பர் 9-ந் தேதி போலீஸார் சுட்டதில் இருவர் மாண்டனர். கம்பெனியார் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். வாடியா தங்கள் தொழிலாளரைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்கிறார் என்று வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றார்கள். சங்கம் வைப்பதே குற்றம்போல் ஆயிற்று. வாடியா தொழிலாளர் இயக்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. ஆனால் அந்த வழக்கே தேசம் முழுவதையும் விழிக்கச் செய்தது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என். எம். ஜோஷி 1921-ல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் சட்டம் பிறந்தது. இன்று இந்தியாவில் எந்தச் சங்கமும் பதிவு பெறுகிறதென்றால், அதன் ஒரு வேர் பெரம்பூரில் இருக்கிறது.

அடுத்த வருஷம் நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. 1921-ல் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய தகராறு ஜூன் மாதத்தில் பக்கிங்ஹாம் ஆலைக்கும் பரவிப் பெரிய வேலை நிறுத்தமாயிற்று. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். ஜாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே, அவர்கள் உள்ளே. தொழிலாளி, முதலாளி என்று ஆரம்பித்த சண்டை, பசித்தவனுக்கும் பசித்தவனுக்கும் நடக்கும் சண்டையாகிவிட்டது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டு 29-ந் தேதி போலீஸார் மீண்டும் சுட்டார்கள். மீண்டும் உயிர்கள் போயின. கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு. வி. க. முதலியோரை நாடு கடத்தி விடுவதாக எச்சரிக்கும் அளவுக்குக் காரியம் முற்றியது.

அந்நாளில் தேசியவாதிகள் பலர் ஆதி திராவிடரைக் குறை கூறினார்கள். சர்க்கார் அவர்களைக் கைப்பாவையாக்கியது என்றார்கள். சர்க்கார் பிளவை ஆதாயமாக்கிக் கொண்டது மெய்தான். ஆனால் பிளவைச் சர்க்கார் உண்டாக்கவில்லை. அது அதற்கு முன்பே, ஆலைக்கு வெளியே, கிணற்றங்கரையிலும் கோயில் வாசலிலும் இருந்தது. ஒரு வாரம் கூலி நின்றால் அடுப்பு அணையும் குடும்பங்களை, வருஷம் முழுவதும் தள்ளி வைத்துவிட்டு, வேலை நிறுத்தத்தன்று மட்டும் 'சகோதரா' என்று கூப்பிட்டால் அவர்கள் வருவார்களா? எம். சி. ராஜா போன்றவர்கள் அவர்கள் பக்கம் நின்று பேசியதில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். நடேச முதலியார் முதலியோரின் சமரச முயற்சியால் அக்டோபரில் வேலை நிறுத்தம் முடிந்தது. தொழிலாளர் கேட்டது கிடைக்கவில்லை. சங்கம் ஒடிந்து, பின்னர் மெல்ல மெல்லத்தான் நிமிர்ந்தது. துப்பாக்கிப் பிரயோகம் நடந்த மூன்று வாரங்களுக்குள், செப்டம்பரில், காந்தியடிகள் சென்னைக்கு வந்தார்; அங்கிருந்து தெற்கே சென்று 22-ந் தேதி மதுரையில் மேலங்கியை நீக்கி முழந்துண்டு உடுத்தினார்.

அதற்குப் பிறகு ஆலை எழுபத்தைந்து வருஷம் ஓடியது. இடையே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுதந்தரம் வந்தது, உடைமை கை மாறியது, விசைத்தறித் துணி மலிவாக வந்தது, டெரிலின் மோகம் வந்தது. ஆலையில் இயந்திரம் பழசாயிற்று, கடன் புதிதாயிற்று. பம்பாயில் 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மகா வேலை நிறுத்தத்துக்குப் பிறகு நகரத்து ஆலைகளுக்கெல்லாம் மரண சாசனம் எழுதியாகிவிட்டது என்றே சொல்லலாம். நூல் விற்று வரும் லாபத்தைவிட ஆலை நிற்கும் நிலத்தின் விலை அதிகமாகும்போது எந்த முதலாளிக்கும் நூலின்மேல் பிரியம் இராது. 1996-ல் பின்னி ஆலை மூடியது.

இரண்டாம் பிறவி அதன் பிறகு தொடங்கியது. அதுவும் திட்டம் ஒன்றும் இல்லாமல். துறைமுகத்துக் கண்டெய்னர் பெட்டிகள் வந்து அடுக்கப்பட்டன. சினிமாக்காரர்கள் வந்தார்கள். காலி மைதானமும், பழைய கட்டடமும், நகரத்துக்கு நடுவே கூட்டத் தொந்தரவில்லாத இடமும் அவர்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? ஜெயில் காட்சிக்கும், சந்தைக் காட்சிக்கும், சண்டைக் காட்சிக்கும் இந்த மைதானமே போதுமானதாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆலையின் உருவத்தை எதிர்கால ஜனங்களுக்காகப் பத்திரப்படுத்தியது எந்த இலாகாவும் அல்ல, சண்டைப் பயிற்சியாளர்கள்தாம்! இன்றைக்கும் அந்தத் தூண்களையும் சுவர்களையும் பார்க்க விரும்புகிறவர் பழைய படங்களைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பிறவி அடுக்குமாடி. அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட பூமியில் எஸ்.பி.ஆர். சிட்டி என்ற பெயரில் வானளாவிய குடியிருப்புகளும் வியாபார நிலையங்களும் எழும்பின. நகரத்தில் வீட்டுக்குப் பஞ்சம். வீடு கட்டுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. பாழடைந்த மதிலுக்குள் பாம்பும் புதருமாகக் கிடப்பதைவிடக் குழந்தைகள் விளையாடும் இடமாவது நல்லதே. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பூமியின் விலையை உயர்த்தியவர் யார்? தாமரைக் குளமும் தோப்புமாக இருந்த புறநகரை ஊராக்கியவர்கள், அதைச் சுற்றித் தெருக்களும் கடைகளும் முளைக்கச் செய்தவர்கள், மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் அல்லவா? விலை ஏறியபோது கணக்கில் அவர்கள் பெயர் எங்கே?

பம்பாயில் இந்தக் கேள்வியைக் கேட்கவாவது ஒரு விதி இருந்தது. 1991-ம் வருஷத்து நகர அபிவிருத்தி விதியின்படி, மூடிய ஆலையின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா முதலிய பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, மீதி உடைமையாளருக்கு. 2001-ல் அந்த விதியைத் திருத்தி, கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டுமே பங்கீடு என்று சுருக்கிவிட்டார்கள். காலி நிலம் எவ்வளவு இருக்கும்? ஆலை என்றால் பெரும்பாலும் கட்டடந்தானே! 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு திருத்தம் செல்லும் என்றது. லோயர் பரேல் பக்கம் ஆலைகள் நின்ற இடங்களில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. பீனிக்ஸ் மில் என்ற பெயர் பெரிய கடைத்தொகுதியின் பெயராயிற்று. ஒன்று மட்டும் வேறு விதமாயிற்று: தாதரில் இந்து மில் இருந்த இடம் டாக்டர் அம்பேத்கரின் நினைவாலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டு, 2015-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

அயல் நாட்டில் ஓர் உதாரணம் காட்டுகிறோம்; அது நமக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கல்ல. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற ஊரில் 1780-களில் டேவிட் டேல் ஒரு பஞ்சாலையை நிறுவினார். அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் 1800-லிருந்து அதை நடத்தினார். சின்னக் குழந்தைகளை ஆலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பினார். 1968-ல் அந்த ஆலையும் மூடியது. ஊரார் அதை இடிக்க விடவில்லை. ஒரு கட்டடம் விடுதியாயிற்று. தொழிலாளர் வீடுகளில் மறுபடி குடித்தனம் வந்தது. ஓவனின் பள்ளிக்கூடத்தையும் பழைய நூற்பு இயந்திரத்தையும் காட்சிக்கு வைத்தார்கள். 2001-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கேயும் இப்போது ஆலை நடக்கவில்லை. ஜனங்கள் வாழத்தான் வாழ்கிறார்கள். இங்கே நடந்தது என்ன என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரம்பூர் நம் புதுக்கோட்டைக்குத் தொலைவு. போனது போயிற்று என்று சொல்லலாம். ஆனால் பக்கத்தில் பாருங்கள். சிவகங்கைச் சீமையில் காளையார்கோயிலில் காளீஸ்வரர் ஆலையின் ஒரு பிரிவு இருக்கிறது. பரமக்குடி அருகே கமுதக்குடியில் பயனீர் ஆலை இருக்கிறது. இரண்டும் தேசிய பஞ்சாலைக் கழகத்தைச் சேர்ந்தவை. அதாவது சர்க்கார் சொத்து, நம் சொத்து. 2020 மார்ச்சில் கொரோனா அடைப்பின்போது நாடெங்கும் கழகத்தின் ஆலைகள் நிறுத்தப்பட்டன. கோயமுத்தூரில் உள்ளவையும் அப்படியே. வருஷங்கள் ஓடியும் தொழிலாளர் வாசலில் நின்று சம்பளப் பாக்கிக்காகவும் வேலைக்காகவும் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுபடி ஓட்டுவதா, விற்பதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் தீர்மானிக்கட்டும். ஓடினால் எல்லோரையும்விட நமக்கே சந்தோஷம். விற்பதானால், பெரம்பூரில் செய்யத் தவறியதை இங்கே முதலிலேயே செய்துவிடலாம். தொழிலாளருக்குச் சேர வேண்டியதை நிலத்தின் விலையிலிருந்து முதல் பங்காக எடுத்து வைக்க வேண்டும். ஒரு கூடத்தை இடிக்காமல் விட்டு, ஒரு ஸ்பின்னிங் இயந்திரத்தையாவது பழைய இரும்புக்குப் போடாமல் நிறுத்த வேண்டும். அந்தக் கூடத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு நூல் நிலையமாகவோ தொழிற்பள்ளியாகவோ திறந்துவிடலாம். சர்க்கார் செய்யும் வரை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அந்த ஆலைகளில் சங்குக்கு ஓடியவர்கள் இன்னும் அந்த ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்துடன் போய், எந்த ஷிப்டு, எத்தனை கதிர், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டு எழுதி வரலாம்.